மேல கோர்ட்டு, கீழ தபாலாபீசு

கண்ண மூடிக்கிட்டுக் கேளு. தூக்கம் வந்தா தூங்கிடு, கதை அது பாட்டுக்குப் போகும். முழிச்சிருக்கிற வரைக்கும் "ம்" சொல்லணும், சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு இருந்துச்சு. ஊரு பேரு கடுவங்குடி. இன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப, செவப்பா பாழடைஞ்சு நிக்குதே அது யாரு வீடுன்னு கேட்டியே, அந்த வீடுதான். அது வீடா இருந்தது கொஞ்ச காலம். அப்புறம் தபாலாபீசா ஆச்சு, அப்புறம் மேல கோர்ட்டும் வந்துச்சு, அப்புறம் ரெண்டும் போயி பூட்டித் தொங்குது.

அந்த வீட்டக் கட்டினவர் பேரு சிவக்கொழுந்து. அவர் சம்சாரம் பேரு தையல்நாயகி. கல்யாணம் ஆகி நாலாவது வருஷம் கட்டுனாங்க. கீழ ஒரு கூடம், ரெண்டு அறை, பின்கட்டுல சமையக்கட்டு. மேல ஒரே ஒரு பெரிய அறை, அதுக்கு ஆத்தப் பார்த்தாப்பல நாலு சன்னல். சாயங்காலமானா ஆத்துக் காத்து சர்ருனு உள்ள வரும். சன்னலுக்குப் பக்கத்துல கட்டிலப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பாங்களாம். புள்ள குட்டி இல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர்தான்.

அந்தக் காலத்துல பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க, தெரியுமா? தையல்நாயகி அதுல ரொம்பக் கெட்டி. வேப்பங்கொழுந்து வேணும்னாலும் சரி, வெத்தலக் கொழுந்து வேணும்னாலும் சரி, "அந்த நுனியக் கிள்ளிக் குடு"ன்னுதான் கேப்பா. வெத்தலக் கடைக்காரருக்கே அது பழகிப் போச்சாம்.

ம்.

அப்போ பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டம் நெறைய போட்டுக்கிட்டிருந்த காலம். நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் போகும், பூம்ம்னு ஊதிக்கிட்டு. சிவக்கொழுந்து நாலு எழுத்து இங்கிலீசு படிச்சவர். தோட்டத்துல எழுத்து வேலை காலியா இருக்கு வா வான்னு கூட்டாளி ஒருத்தர் கூப்பிட்டார். மூணே வருஷம், போயிட்டு வந்துடறேன்னு கெளம்பிட்டார். கெளம்பறதுக்கு முன்னாடி, கடல் தாண்டிப் போறோமே, நமக்கு ஏதாவது ஆயிட்டா இவ என்ன செய்வான்னு யோசிச்சு ஒரு உயில் எழுதி வச்சார். என் காலத்துக்குப் பிறகு இந்த வீடு என் சம்சாரத்துக்கு, அவ இஷ்டப்படி என்ன வேணா செஞ்சுக்கலாம்னு அதுல இருந்துச்சு. நல்ல மனசோட எழுதுனதுதான். அந்த ஒரு வரியாலதான் பின்னாடி அத்தனையும் வந்துச்சு.

தையல்நாயகி கூடவே நாகப்பட்டினம் போயி கரையில நின்னா. அழல. மறக்காம கடுதாசி போடுங்கன்னு மட்டும் கேட்டா. போடறேன்னார்.

மொத வருஷம் ரெண்டு கடுதாசி வந்துச்சு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. புருஷனோட தம்பி, பேரு குஞ்சிதபாதம், பக்கத்துத் தெருவுல கூரை வீட்டுல நாலு பசங்களோட இருந்தார், அவர்தான் படிச்சுக் காட்டுவார். அப்போ கடுவங்குடியில தபாலாபீசு கெடையாது. ஒம்பது மைல் தள்ளி டவுன்ல இருந்துச்சு. கடுதாசி அங்க வந்து கெடக்கும். சந்தைக்குப் போற வண்டிக்காரர் யாராவது ஞாபகம் வச்சுக்கிட்டுக் கேட்டா வாங்கிட்டு வருவார். அவர் ஒரு கடையில குடுப்பார், கடைக்காரர் இன்னொருத்தர்கிட்ட குடுப்பார். மொதக் கடுதாசி எண்ணெய்க் கறையோட வந்துச்சு. ரெண்டாவது பாதி கிழிஞ்சு வந்துச்சு. மூணாவது வரவே இல்ல.

ம்.

வருஷம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. ஒரு கடுதாசியும் காணும். ஊர்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு பேசுனாங்க. அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டாருன்னாங்க, காய்ச்சல்ல போயிட்டாருன்னாங்க. தையல்நாயகி எதையும் காதுல போட்டுக்கல. அவர் போடறேன்னு சொல்லிட்டுப் போனவர், போட்டுக்கிட்டுத்தான் இருப்பார், ஒம்பது மைல்ல எங்கயோ தொலையுதுன்னு அவளுக்கு நெனப்பு. எண்ணெய்ச் செக்குல ஒண்ணு, சந்தைப் புழுதியில ஒண்ணுன்னு அவர் எழுதுனதெல்லாம் கெடக்கும்னு நெனச்சுக்கிட்டா. நம்ம ஊர்லயே ஒரு தபாலாபீசு இருந்துட்டா? அப்புறம் தொலையாதுல்ல?

அப்போ வண்டி கட்டிக்கிட்டு நாகப்பட்டினம் போனா, தபால் பெரிய ஆபீசரப் பார்க்க. லொடக் லொடக்னு நாள் பூரா வண்டி. மொதத் தடவ ஆபீசரப் பார்க்கவே விடல. வாசல்ல இருந்த குமாஸ்தா, ஆபீசு வைக்க உங்க ஊர்ல ஏதும்மா கட்டடம்னு கேட்டு அனுப்பிட்டார். ரெண்டாந் தடவ போனா. என் வீடு இருக்கு, மாடி வீடு, அத எடுத்துக்குங்கன்னா. குமாஸ்தா அவள ஏற இறங்கப் பார்த்தார். வீடு இருந்தா போதுமா, கடுதாசி போடறதுக்கு ஆள் இருக்கா உங்க ஊர்ல, நூறு பேரு கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னுட்டார்.

அவ வீடு வீடா ஏறி எறங்குனா. அப்பதான் அவளுக்கே தெரிஞ்சுது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இல்லாத வீடே கடுவங்குடியில கெடையாதுன்னு. எலங்கையில ஒருத்தர், ரங்கூன்ல ஒருத்தர், தென்னாப்பிரிக்காவுல, நேட்டால் கரும்புத் தோட்டத்துல ஒருத்தர். எல்லா வீட்டுலயும் ஒரு பொம்பள அவள மாதிரியே வாசலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. கைநாட்டு வாங்கிக்கிட்டே போனா. மொத்தம் நூத்திப் பன்னெண்டு. மூணாந் தடவ அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டுப் போனப்ப, பெரிய ஆபீசரே எழுந்து வெளிய வந்து வாங்கிக்கிட்டார்.

ம்.

தூங்கிட்டியோன்னு நெனச்சேன். சரி, கேளு.

அந்த உயிலக் காட்டி வீட்ட சர்க்காருக்கு எழுதிக் குடுத்துட்டு அவ பின்கட்டுக்குப் போயிட்டா. சமையக்கட்டுல ஒரு மூலையில படுக்கை. சாமான் தூக்கி வைக்க குஞ்சிதபாதமும் வந்தார். அந்தப் பெரிய கட்டில மாடியிலேர்ந்து எறக்கினதே அவர்தான். அன்னிக்கு அவர் ஒரு வார்த்தை ஆட்சேபணை சொல்லல. அத நீ ஞாபகம் வச்சுக்க, அவர் பின்னாடி மறந்துட்டார்.

அப்புறம் தபாலாபீசு தொறந்தாங்க. வாசல்ல செவப்புப் பெட்டி வந்துச்சு. டவுன்லேர்ந்து தபால் மூட்டைய ஒருத்தர் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வருவார், கையில சலங்கை கட்டுன ஈட்டி. ஜல் ஜல் ஜல்னு ஆத்துப் பாலத்துல கேட்டா ஊரே வாசலுக்கு வந்துடும். உள்ள போஸ்ட்மாஸ்டர் டக் டக் டக்னு முத்திரை குத்துவார். அந்த போஸ்ட்மாஸ்டர் பேரு ஞானப்பிரகாசம். யாரு தெரியுமா அவரு? எங்கம்மாவப் பெத்தவர்.

உங்களுக்குத் தாத்தாவா?

ஆமா. தாத்தா அவர் பொண்ணுகிட்ட சொன்னார், அவ எங்கிட்ட சொன்னா, நான் உங்கிட்ட சொல்றேன். அதனாலதான் இந்தக் கதை வேற யாருக்கும் தெரியாது.

தெனம் தபால் வந்து பிரிச்சதும் தையல்நாயகி பின்கட்டுலேர்ந்து வந்து சன்னல்கிட்ட நிப்பா. எனக்கு இருக்கான்னு கேக்க மாட்டா. நிப்பா, அவ்வளவுதான். தாத்தா மொதல்லயெல்லாம், இன்னிக்கு இல்லீங்கம்மான்னு சொல்லுவாராம். அடுத்த வருஷம் தலைய மட்டும் ஆட்டுவார். அப்புறம் அவர் நிமிர்ந்து பார்க்கறதயே விட்டுட்டார். பார்க்காததே பதில்னு அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவா. ஊர்ல எல்லாருக்கும் கடுதாசி வந்துச்சு. ஏழு வருஷமா செய்தி இல்லாத ஒருத்தருக்குக்கூட வந்துச்சு. அவளுக்கு வரல.

அப்போ சர்க்காருக்கு இன்னொரு யோசனை வந்துச்சு. கீழதான தபாலாபீசு, மாடி சும்மாத்தான கெடக்குன்னு, மாடியில முன்சீப் கோர்ட்ட கொண்டாந்து வச்சாங்க. அப்புறம் அந்த வீட்டுக்கு ரெண்டு சத்தம். கீழ டக் டக்னு முத்திரை. மேல, தோள்ல டவாலிப் பட்டை போட்ட சேவகர் வராந்தாவுல நின்னு ஒவ்வொரு பேரையும் மும்மூணு தடவ கூப்புடற சத்தம். கடுதாசி வந்த சந்தோஷத்துல ஒருத்தி கீழ்ப்படியில நின்னு சிரிப்பா, கேசு தோத்துட்டு ஒருத்தர் கண்ணத் தொடச்சுக்கிட்டு மேல்படியிலேர்ந்து எறங்குவார். ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுக்கிட்டுப் போவாங்க.

ம்.

சிவக்கொழுந்து போயி ஒம்பது வருஷம் ஆச்சு. குஞ்சிதபாதத்தோட பசங்க வளந்துட்டாங்க. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகி அந்தக் கூரை வீட்டுலயே மருமகளும் வந்துட்டா. மழை பேஞ்சா எல்லாரும் ஒரே மூலையில ஒண்டிக்கிட்டு நிக்கணும். பக்கத்துத் தெருவுல பார்த்தா அண்ணன் வீடு, காத்தோட்டமா, யார் யாரோ ஏறி எறங்கிக்கிட்டு. மனசு திரும்பிப் போச்சு. ஒரு நாள் வக்கீல வச்சு கேசு போட்டுட்டார்.

என்ன கேசு? எங்கண்ணன் உயிரோட இருக்கார். உயிலு அவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். அவர் இருக்கறப்ப வீடு அவரோடது. அண்ணிக்கு அத எடுத்துக் குடுக்க உரிமையே இல்ல. அண்ணன் வர்ற வரைக்கும் வீட்ட எங்கிட்ட ஒப்படைக்கணும். இதுதான் கேசு.

தையல்நாயகிக்குக் கெடைச்ச வக்கீல் நல்ல மனுஷன். அவர் அவள உக்கார வச்சு பொறுமையா எடுத்துச் சொன்னார். ஒரு ஆளப் பத்தி ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லேன்னா அவர் இறந்துட்டார்னு எடுத்துக்கச் சட்டத்துல எடம் இருக்கு. அப்படி எடுத்துக்கிட்டா உயிலு செல்லும், நீங்க குடுத்ததும் செல்லும், தபாலாபீசு இங்கயே இருக்கும். ஆனா பெண்டாட்டி நீங்களே அவர் இருக்கார்னு சொல்லிட்டா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க கூண்டுல ஏறி அவர் இல்லன்னு சொல்லணும்.

புரியுதா உனக்கு? அவர் கடுதாசி வரணும்னுதான் வீட்டயே குடுத்தா. அந்தத் தபாலாபீசு நிக்கணும்னா அவர் செத்துட்டார்னு அவ வாயால சொல்லணும். வீட்டு மேல ஆசப்பட்ட தம்பி, அண்ணன் இருக்கார்ங்கறார். உசிரா இருந்தவ, இல்லன்னு சொல்லணுமாம்.

ம்.

மொத வாய்தா வந்துச்சு. டவாலிச் சேவகர் கூப்பிட்டார். "தையல்நாயகி, தையல்நாயகி, தையல்நாயகி." அவ பின்கட்டுலேர்ந்து வந்து அவ வீட்டு மாடிப்படியில யாரு வீட்டுலயோ ஏறுற மாதிரி ஏறுனா. ஆறு வருஷமா அவ மாடிக்குப் போனதே இல்ல. போயிப் பார்த்தா, அந்த நாலு சன்னலும் அப்படியே இருக்கு. சன்னல்கிட்ட கட்டில் கெடந்த எடத்துல சாட்சிக் கூண்டு. அதுல ஏறி நின்னா. புருஷன் பேரு என்னன்னு ஜட்ஜு கேட்டார். அவ வாயே தொறக்கல. சொல்லும்மா, பேரு எழுதணும்ல, சொல்லுன்னார். அவ தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னா. பக்கத்துல நின்னவங்க சொல்லக் கூடாது, அவளேதான் சொல்லணும். கால் மணி நேரம் பார்த்துட்டு வாய்தாவத் தள்ளி வச்சுட்டார்.

ரெண்டாவது வாய்தா. இந்தத் தடவ அந்த ஜட்ஜு பேர விட்டுட்டு, உன் புருஷன் இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லுன்னு கேட்டார். அவ தெரியாதுங்கன்னா. அதுவும் நெசந்தான. ஜட்ஜு கெட்டவர் இல்ல. அம்மா, தெரியாதுங்கறத வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது, அடுத்த வாய்தாவுல உன் மனசுக்கு எது நெசம்னு படுதோ அந்த ஒண்ணச் சொல்லு, அதோட முடிச்சுடலாம்னார்.

அப்புறம் ஒரு மாசம் நடுவுல. டவுன்லேர்ந்து இன்ஸ்பெக்டர் வந்து தாத்தாகிட்ட சொல்லிட்டுப் போனார், கேசு தோத்தா இந்த ஆபீசு இங்க இருக்காது, பெட்டி மேசை எல்லாத்தையும் வேற ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவோம்னு. அது ஊர் பூரா பரவிடுச்சு. ஆனா ஒருத்தராவது தையல்நாயகிகிட்ட வந்து, இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு கேக்கல. எப்படிக் கேப்பாங்க? உன் தாலிய எங்களுக்காகக் கழட்டிக் குடுன்னு யாரு வாய்விட்டுக் கேப்பா?

அப்போ ஒரு நாள் காலையில அஞ்சலைன்னு ஒரு சின்னப் பொண்ணு சன்னல்கிட்ட வந்தா. இடுப்புல பத்து மாசக் கொழந்த. கொழந்தையோட அப்பா எலங்கையில, தேயிலைத் தோட்டத்துல. அவர் கப்பலேறி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அது பொறந்துச்சு. அவளுக்கு எழுதத் தெரியாது, எழுதிக் குடுக்கச் சொல்லவும் கூச்சம். என்ன செஞ்சா தெரியுமா? வெறும் கார்டு ஒண்ணு வாங்கி, கிண்ணத்துல மஞ்சத் தண்ணி கொண்டாந்திருந்தா, கொழந்த காலத் தோச்சு அந்தக் கார்டுல பச்சக்னு வச்சா. இந்த அளவு வளந்துட்டான்னு அவருக்குத் தெரியட்டும்னு தாத்தாகிட்ட சொன்னா. விலாசம் மட்டும் அவர் எழுதிக் குடுத்தார்.

தையல்நாயகி பக்கத்துல நின்னு அந்தக் கார்டு காயற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் பின்கட்டுக்குப் போயிட்டா. அன்னிக்கு அவ தபாலுக்குக்கூட நிக்கல.

ம்.

மூணாவது வாய்தா. மொதல்ல குஞ்சிதபாதம் கூண்டுல ஏறி சாமி மேல சத்தியம் பண்ணி, எங்கண்ணன் உயிரோட இருக்கார், எனக்கு நல்லாத் தெரியும்னார். அப்புறம் டவாலி அவளக் கூப்பிட்டார், மூணு தடவ. அவ ஏறுனா. ஊரே படியில நிக்குது. ஜட்ஜு கேட்டார், உன் புருஷன் பேரு என்ன, அவர் இருக்காரா.

அவ ஆத்துப் பக்கம் சன்னலப் பார்த்தா. அப்புறம் திரும்பி நின்னா.

"சிவக்கொழுந்து," அப்படின்னா. "செத்துட்டாரு."

அவர் பேர அவ வாய்விட்டுச் சொன்னது அன்னிக்குத்தான். அது மொதத் தடவ, கடைசித் தடவையும் அதான். கீழ தாத்தா முத்திரை குத்துறத நிறுத்திட்டார். அந்த வீட்டுல மேலயும் சத்தம் இல்ல, கீழயும் சத்தம் இல்ல.

அவ எறங்கி வந்து நேரா ஆத்துக்குப் போனா. பொம்பளைங்க நாலு பேரு பின்னாடியே போனாங்க. யாரையும் கிட்ட விடல. அவளே முழுகி, அவளே தாலியக் கழட்டி ஆத்துல விட்டுட்டு ஈரத்தோட வந்தா. பதினஞ்சு நாள்ல தீர்ப்பு வந்துச்சு. தபாலாபீசு இருக்கலாம்னு. ஊர்ல யாரும் வெடி கிடி போடல. அஞ்சலை மட்டும் பின்கட்டுக்குப் போயி கொழந்தைய அவ மடியில வச்சுட்டு பக்கத்துல உக்காந்திருந்தாளாம்.

அதோட முடிஞ்சுதா?

அதோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் தையல்நாயகி தபால் நேரத்துக்குச் சன்னல்கிட்ட வர்றதில்ல. செத்தவர்கிட்டேர்ந்து என்ன கடுதாசி வரும்? ஒரு வருஷம் போச்சு. ஒரு நாள் ஜல் ஜல்னு மூட்டை வந்துச்சு, தாத்தா பிரிச்சுக் கொட்டினார். நடுவுல ஒரு கவரு. பினாங்கு முத்திரை. மேல தையல்நாயகின்னு எழுதியிருக்கு. தாத்தா அத மட்டும் தனியா எடுத்தார். ஏழு வருஷமா அந்தப் பேரு எழுதுன கவர் ஒண்ணுக்காக அவரும்தான காத்துக்கிட்டு இருந்தார். ஆபீசச் சாத்திட்டு, கொல்லப் பக்கமா சுத்திக்கிட்டுப் போயி, அவகிட்ட நீட்டுனார். அவ அத வாங்கல. படிங்கன்னா.

தாத்தா படிச்சார். அத அவர் எத்தனை தடவ சொல்லியிருப்பாரோ, எங்கம்மாவுக்கு அது மனப்பாடம்.

"தையலுக்கு எழுதுறது. நான் உசிரோட இருக்கேன். இத எழுத வெக்கமா இருக்கு. அந்த ரெண்டு கடுதாசிக்கு அப்புறம் நான் உனக்கு ஒண்ணும் எழுதல. தோட்டத்துல வேலை போச்சு. சயாம் காட்டுக்கு மரம் வெட்டப் போனேன். மரம் சாஞ்சு எடது கால் போயிடுச்சு. இந்தக் கோலத்துல என்னத்த எழுதறதுன்னு அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டேன், வருஷமே போயிடுச்சு. இப்போ இங்க கடை வச்சிருக்கிற நம்ம ஊர் ஆள் ஒருத்தரப் பார்த்தேன். நம்ம வீடு தபாலாபீசா இருக்குன்னார். நீ கோர்ட்டுல சொன்னதையும் சொன்னார். என்னப் பார்த்தத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட வாக்கு வாங்கிட்டேன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல. நான் வந்தா உன் வாக்கு பொய்யாயிடும். தீர்ப்பும் போயி, ஆபீசும் போயிடும். அதனால நீ சொன்னபடியே இருக்கட்டும்."

கீழ கையெழுத்து போட்டிருந்தார். விலாசம் போடல.

அவ அழல. ஒரு வரிய மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னா. எந்த வரி? அந்த ரெண்டு கடுதாசிக்கு அப்புறம் நான் ஒண்ணும் எழுதலங்கற வரி. தாத்தா படிச்சார். "அப்போ வழியில எதுவும் தொலையல," அப்படின்னா. அவ்வளவுதான் சொன்னா. செக்குலயும் தொலையல, சந்தையிலயும் தொலையல. எழுதவே இல்ல. எழுதாத கடுதாசிக்காக அவ வீட்டக் குடுத்துட்டா. இன்னும் ஒரே ஒரு வருஷம் முன்னாடி அவர் எழுதியிருந்தாருன்னா, அவ அந்த வார்த்தையச் சொல்லியிருக்கவே மாட்டா.

ம்.

அப்புறம் அவ தாத்தாவ ஒரு பதில் எழுதச் சொன்னா. வாங்க, காலு இல்லாட்டி என்ன, தபாலாபீசு போனா போயிட்டுப் போவுது, நீங்க வாங்க. தாத்தாவ யோசிச்சுப் பாரு, அவர்தான் போஸ்ட்மாஸ்டர், அவர் ஆபீச மூட வைக்கிற கடுதாசிய அவரே எழுதுனார். ஒரு எழுத்துகூட மாத்தல. விலாசம் இல்லாததால, பினாங்குல கடை வச்சிருந்த அந்த நம்மூர்க்காரரக் கண்டுபிடிச்சு அவர் வழியாப் போட்டார். நாலு மாசம் கழிச்சு அது திரும்பி வந்துச்சு, இந்தப் பேருல இங்க ஆள் இல்லன்னு முத்திரையோட. அவர் எடம் மாறிப் போயிட்டார் போலருக்கு, கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான்.

அவர் வர மாட்டார்னு அவ புரிஞ்சுக்கிட்டா. அப்போ தாத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டா. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா கேச மறுபடி தொறப்பாங்க. அவரும் இல்லாம, ஆபீசும் இல்லாம, எதுக்காகப் பண்ணினேன்னு ஆயிடும். தாத்தா மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தார், அவ கண்ண மூடுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் அவ புருஷன் இருக்கறப்பவே வெறும் கழுத்தோட, வெள்ளப் பொடவையோட, அந்தப் பின்கட்டுலயே இருந்தா. தலைக்கு மேல கோர்ட்டு. செவுத்துக்கு அந்தப் பக்கம் தபாலாபீசு.

தூங்கிட்டியா?

இல்ல. அந்தத் தம்பி என்ன ஆனார்?

அதான் சொல்ல வர்றேன். எட்டு வருஷம் அண்ணியும் கொழுந்தனும் பேசிக்கல. தெருவுல எதிர்ல வந்தா ஒருத்தர் ஒதுங்கிப் போயிடுவாங்க. அப்புறம் குஞ்சிதபாதம் படுத்த படுக்கையா ஆயிட்டார். வயித்துல என்னமோ கட்டி. சாப்பாடு எறங்கல. ஒரு நாள் மூத்த மகன் வந்து, அப்பா உங்களப் பார்க்கணும்ங்கறார் பெரியம்மான்னு கூப்பிட்டான். அவ போனா.

அந்தக் கூரை வீட்டுல பாய் மேல கெடந்தார், குச்சி மாதிரி. சுத்தி நாலு மகன், மருமக, பேரப் புள்ளைங்க. அவளப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி, நான் சாமி மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்லிட்டேன். அண்ணன் இருக்கார்னு நான் ஒரு நாளும் நம்பல. வீட்டுக்காகச் சொன்னேன். அந்தப் பாவந்தான் என்னைய இப்படிப் போட்டு அறுக்குது."

அவளுக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீங்க சொன்னதுதான் தம்பி நெசம், பொய் சொன்னது நானுன்னு. அந்த ஒரு வார்த்தை போதும், அவர் நிம்மதியாக் கண்ண மூடியிருப்பார். அவ நிமிர்ந்து பார்த்தா. நாலு மகனும் நிக்கறாங்க. நாளைக்கே இவங்க மாடிப்படி ஏறுவாங்கன்னு தோணுச்சு. அந்தச் செவப்புப் பெட்டிய வண்டியில ஏத்துறது கண்ணுல தெரிஞ்சுது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. போனது போகட்டும். நீங்க எதையும் நெனைக்காம இருங்க," அப்படின்னு சொல்லி நெத்தியத் தடவிக் குடுத்துட்டு வந்துட்டா.

மறுநா காலையில அவர் போயிட்டார். பொய் சொன்ன பாவின்னு நெனச்சுக்கிட்டே போனார். அவர் சொன்னது அத்தனையும் நெசம்.

ம்.

அப்புறம் தையல்நாயகியும் வயசாகிப் போயிட்டா. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்துல கோர்ட்ட டவுனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாடியில வவ்வா அடைஞ்சுது. தபாலாபீசு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் புடிச்சுது. அப்புறம் மழை ஒழுகுதுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு எடம் பார்த்து அதுவும் போயிடுச்சு. ஒரு ஆர்டரு வந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல மேசை பெட்டியெல்லாம் ஏத்திட்டாங்க, அவ்வளவுதான். யாரும் கேசு போடல, யாரும் கூண்டுல ஏறல.

ஆனா அந்தம்மா கடைசி நாள்ல தாத்தாகிட்ட பொலம்புனது வீட்டப் பத்தி இல்லயாம். போனவரப் பத்தியும் இல்ல. அந்த வார்த்தைய கோர்ட்டுல சொன்னதுக்குக்கூட அவ்வளவு வருத்தப்படல, ஊருக்காகச் சொன்னேன்னு மனசத் தேத்திக்கிட்டா. குஞ்சிதபாதத்தப் பத்தித்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தாளாம்.

"நாலு பேரு நின்னா என்ன ஞானப்பிரகாசம்? காதுகிட்ட குனிஞ்சு மெதுவா சொல்லியிருக்கலாம். அவருக்கு மட்டும் கேட்டிருக்கும். எனக்கு அது அப்போ தோணவே இல்லியே."

... என்ன, "ம்" காணும்?

சரி. எனக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதான், கேட்டவங்களும் தூங்கியாச்சு. நல்லாத் தூங்கு கண்ணு.